கையில் அடங்கும் தண்ணீர்ப் புகைக்குழாய்: டர்பனில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வகக் கண்ணாடிச் சாமான்கள் விற்கும் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். குடுவை, பியூரெட், கண்டென்சர் இவைதான் எங்கள் சரக்கு. சிறிய தண்ணீர்ப் புகைக்குழாயில் கிண்ணமும் தண்டும் சேரும் இடத்தில் இருக்கும் சொரசொரப்பான கண்ணாடி மூட்டு, எங்கள் குடுவையில் இருக்கிற அதே மூட்டுதான். இது தெரிந்ததிலிருந்து இங்கே சாட்ஸ்வர்த்துப் பகுதித் தம்பிகளும், ஜோகன்னஸ்பர்கில் கணினி வேலைக்கு வந்திருக்கும் நம்மூர்ப் பையன்களும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

இதுவரை புகைத்ததே இல்லை. இதிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம் தம்பி. புகையில் நல்ல புகை என்று ஒன்று கிடையாது. பழக்கம் ஏற்கெனவே இருப்பவர்கள் கெடுதலைக் கூட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இதற்குக் கீழே உள்ளவை. பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஹப்ளியும் இதுவும் ஒன்றா?

தண்ணீர் வழியாகப் புகையை இழுப்பது இரண்டிலும் ஒன்று. இங்கே எல்லோரும் ஹப்ளி, ஹப்ளி பப்ளி என்று சொல்வது நீண்ட ரப்பர் குழாய் வைத்த ஹூக்கா. அதைத் தரையிலோ மேசையிலோ வைத்து, மேலே கரி போட்டு, பழ வாசனை சேர்த்த ஈரப் புகையிலையைச் சூடாக்குவார்கள். கையில் அடங்கும் குழாய் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம்தான். ஒரு கிண்ணம், தண்ணீருக்குள் இறங்கும் ஒரு தண்டு, தண்ணீர் நிற்கும் குடம், வாய் வைக்கும் கழுத்து, இவ்வளவுதான் உறுப்புகள். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். இழுக்கும்போது அதை விரலால் மூடிக்கொண்டு, முடியும்போது விடுவித்தால் உள்ளே தங்கிய புகை வெளிக்காற்றோடு வந்துவிடும். கடைகளில் பாங் என்றோ பப்ளர் என்றோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இது எங்கிருந்து வந்தது? நம்ம ஊரில் உண்டா?

இதில் எனக்குத் தனி ஆசை உண்டு, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஹூக்காவுக்குத் துருக்கியிலும் அரபு நாடுகளிலும் நார்கிலே என்று பெயர். அந்தச் சொல் பாரசீகம் வழியாகப் போய்ச் சேர்ந்தது. மூலம் வடமொழியின் நாரிகேளம், அதாவது தேங்காய். பழைய காலத்தில் தண்ணீர்க் குடமாக இருந்தது தேங்காய் ஓடு. கண்ணைத் துளைத்து உள்ளிருக்கும் பருப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு துளையில் கிண்ணத்தண்டையும் இன்னொன்றில் மூங்கில் குழலையும் செருகினால் கையில் பிடிக்கும் ஹூக்கா தயார். இன்று கண்ணாடியில் விற்கும் கைக்குழாய்க்கு அந்தத் தேங்காய் ஓடுதான் பாட்டன். இந்தியில் சின்ன ஹூக்காவுக்குக் குட்குடி என்று பெயர், தண்ணீர் போடும் சத்தத்தை வைத்து. ஹப்ளி பப்ளியும் அதே சத்தம்தான்.

ஆப்பிரிக்காவுக்கும் இதில் சொந்த வரலாறு இருக்கிறது. எத்தியோப்பியாவில் தானா ஏரிப் பக்கம் லாலிபேலா என்கிற குகையில் கிடைத்த தண்ணீர்க் குழாய்க் கிண்ணங்கள் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் கஞ்சாவின் எச்சம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து புகையிலை வருவதற்கு முந்தைய காலம் அது. இங்கே குவாசுலு-நேட்டாலில் ஜூலுக்கள் மாட்டுக்கொம்பில் செய்த குழாய்க்கு இகூடு என்று பெயர். கொம்புக்குள் தண்ணீர், பக்கத்தில் சாய்வாகச் செருகிய ஒரு நாணல், நாணலின் தலையில் கல்லைக் குடைந்து செய்த கிண்ணம். கொம்பின் அகன்ற வாயில் முகத்தைப் பதித்து, இடைவெளியைக் கையால் அடைத்து இழுப்பார்கள். காற்று புகும் இடுக்கை அடைத்தால்தான் புகை வரும் என்கிற அந்தக் கணக்கைத்தான் என் மேசையில் இருக்கும் குடுவை மூட்டும் செய்கிறது.

தண்ணீர் புகையைச் சுத்தம் செய்துவிடும்தானே?

என்னிடம் வரும் கேள்விகளில் முதலிடம் இதற்கு. இல்லை. தண்ணீர் புகையைக் குளிர வைக்கும். கழுவாது.

குழாயைக் கண்ணருகே பிடித்து, யாரையாவது மெதுவாக இழுக்கச் சொல்லிப் பாருங்கள். தண்டின் அடியிலிருந்து ஒரு குமிழி கிளம்பும். உள்ளே பால் மாதிரி வெள்ளையாகப் புகை அடைந்திருக்கும். அது மேலே வந்து உடைய அரை நொடிகூட ஆகாது. குமிழியின் ஓரத்தில் பட்ட புகைதான் தண்ணீரைத் தொடுகிறது, நடுவில் இருப்பது தொடாமலே வெளியேறிவிடுகிறது. தண்ணீரில் கரையக்கூடிய சிலவும், பெரிய சாம்பல் துகளும், கொஞ்சம் நிக்கோட்டினும் தண்ணீரில் தங்கும். தண்ணீர் பழுப்பாவது அதனால்தான். அந்தப் பழுப்பைக் காட்டி "பாருங்க அண்ணே, அழுக்கெல்லாம் இங்கேயே நின்னுடுச்சு" என்பார்கள். நின்றது கொஞ்சம், போனது நிறைய. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாது. வெறும் அந்த வாயுவையே செலுத்தினாலும் ஒரு லிட்டர் தண்ணீர் 30 மில்லிகிராம்கூட ஏற்றுக்கொள்ளாது. அப்படியே நுரையீரலுக்குப் போய்விடும்.

குளிர்ச்சியிலும் ஒரு வம்பு இருக்கிறது. சூடான புகை தொண்டையை உறுத்தினால் இருமல் வரும், நாம் நிறுத்திவிடுவோம். குளிர்ந்த புகை உறுத்தாது. அதனால் நீளமாக இழுக்கிறோம், உள்ளே வெகுநேரம் வைத்துக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் ஹூக்காவோடு உட்கார்ந்தால் உள்ளே போகும் புகையின் கன அளவு ஒரு சிகரெட் புகையைப் போல 100 முதல் 200 மடங்குவரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் எச்சரித்தது. கன அளவைச் சொன்னார்கள், நஞ்சு அத்தனை மடங்கு என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த அளவை நினைத்துப் பாருங்கள். கைக்குழாயில் கிண்ணம் சின்னது, நேரமும் குறைவு. அதில் எனக்குப் பிடித்தது அந்தக் குறைவு ஒன்றுதான்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா, சிலிக்கோனா, மூங்கிலா?

கண்ணாடி வாங்குங்கள். அதிலும் போரோசிலிக்கேட் கண்ணாடி. சூடு பட்டால் சாதாரண ஜன்னல் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால்தான் ஆய்வகத்தில் நெருப்பின் மேல் வைக்கிறோம். சுவர் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், அடிப்பாகம் அகலமாக இருந்தால் சாயாது.

கண்ணாடி உடையுமே என்பார்கள். உடையும். ஆனால் உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதற்காகவே நான் கண்ணாடிக்கு ஓட்டுப் போடுவேன்.

அக்ரிலிக் மலிவு, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் ஆல்கஹால் ஊற்றிக் கழுவினால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும், அப்புறம் அந்த விரிசலுக்குள் கறை போய் உட்கார்ந்துகொள்ளும். நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கும் பொருளும் அல்ல. சிலிக்கோன் பயணத்துக்குச் சௌகரியம், ஆனால் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூங்கிலும் தேங்காய் ஓடும் பார்க்க அழகு. டர்பன் காற்றின் ஈரத்தில் ஒரே வாரத்தில் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், வெளியே தெரியவும் தெரியாது. அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், போதும்.

கோலா பாட்டிலைத் துளைத்து அலுமினியத் தாளைக் கிண்ணமாக வைத்துச் செய்வது அறவே வேண்டாம். பிளாஸ்டிக் சூடேறினால் அந்த ஆவியும் சேர்ந்து உள்ளே போகும். கிண்ணத்தில் போடும் வலையும் அப்படித்தான்: துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்கள். துத்தநாகம் பூசிய ஜன்னல் வலையை வெட்டிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகி, மறுநாள் காய்ச்சல் அடிப்பது போல உடம்பைப் படுத்திவிடும்.

நல்ல கண்ணாடி என்று கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நாங்கள் கடையில் செய்கிற ஒரு சோதனையை வீட்டிலும் செய்யலாம். கண்ணாடியை ஊதி ஒட்டிய பிறகு சூளையில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஆறவிட்டால் ஒட்டிய இடத்தில் இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வெந்நீர் ஊற்றும்போது டப்பென்று இரண்டாகப் போகும்.

லேப்டாப்பில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, திரை இருட்டாகும்வரை தலையைச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். திரை இருட்டானதும் குழாயை அதன் முன்னால் பிடியுங்கள். நன்றாக ஆறிய கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இழுவிசை தங்கிய கண்ணாடியில் தண்டு சேரும் வளையத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்று பளிச்சென்று எரியும், சில சமயம் மஞ்சளும் நீலமும் தெரியும். முதல் தடவை நான் இதைப் பார்த்தது ஒரு கண்டென்சரில். விரிசல் எதுவும் இல்லாத, புத்தம் புதுச் சாமான். வளையத்தைச் சுற்றி நெருப்பு பிடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாளில் கழுவும்போது அதே இடத்தில் உடைந்தது.

வாங்கி வந்த அன்றே பார்த்துவிடுங்கள், மாற்றித் தருவார்கள். மூட்டு அளவையும் கேட்டு வாங்குங்கள். 14 மில்லிமீட்டரும் 18 மில்லிமீட்டரும்தான் பெரும்பாலும் கிடைக்கும். கைக்குழாய்க்கு 14 போதும். கிண்ணம் உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூட்டு இல்லாமல் ஒரே கண்ணாடியாக ஊதியது அழகுதான், ஆனால் உள்ளே தூரிகை போகாது.

தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது?

தண்டின் நுனி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் முங்கினால் போதும். கிண்ணத்தில் எதையும் போடாமல், பற்ற வைக்காமல், வெறும் காற்றை இழுத்துப் பாருங்கள். குமிழி வர வேண்டும், உதட்டில் தண்ணீர் தெறிக்கக் கூடாது. தெறித்தால் ஒரு மூடி அளவு கீழே கொட்டுங்கள். அதிகத் தண்ணீர் ஊற்றினால் அதிகச் சுத்தம் என்று சிலர் கழுத்துவரை நிரப்புவார்கள். இழுக்க மூச்சு முட்டுமே தவிர வேறு பலன் கிடையாது.

வீட்டுக் குழாயில் வரும் சாதாரணத் தண்ணீரே போதும். பால், சோடா, ஒயின் என்று ஊற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே ஒட்டிப் புளித்து நாறும்.

எதைப் போடலாம்? ஹப்ளிக் கடையில் விற்கும் பழ வாசனைப் புகையிலையைப் போடலாமா?

அது சர்க்கரைப் பாகும் கிளிசரினும் சேர்த்துப் பிசைந்த ஈரச் சரக்கு. கரிச்சூட்டில் மெல்ல வேகவைக்கச் செய்தது. அதன்மேல் நேராகத் தீயைக் காட்டினால் பாகு கருகிக் கசக்கும், புகையும் மோசம். கைக்குழாய்க்கு உலர்ந்த குழாய்ப் புகையிலைதான் சரி. கிண்ணத்தில் பாதிக்கு மேல் போடாதீர்கள். விரலால் அழுத்தாமல் உதிர்த்துத் தூவுங்கள். தீயைக் கிண்ணத்தின் ஓரத்தில் மட்டும் காட்டி, கன்னத்தின் பலத்தால் மெதுவாக இழுங்கள், நெஞ்சால் இழுக்க வேண்டாம். புகையை உள்ளே பிடித்து வைத்தால் கூடுதலாகக் கிடைப்பது தாரும் மோனாக்சைடும்தான். தலை சுற்றினால், குமட்டினால் அது நிக்கோட்டின் அதிகமாகிவிட்டதன் அடையாளம். அத்தோடு கீழே வைத்துவிடுங்கள்.

கைக்குழாயின் மேல் ஒரு சின்னக் கரித்துண்டு வைத்தால்?

இதற்குப் பதில் சொல்ல 2022 ஜூலைக்குப் போக வேண்டும். ஜோகன்னஸ்பர்கில் ஒரு நண்பன் வீடு, மூன்றாவது மாடி. அந்த மாதம் மின்வெட்டு ஆறாம் கட்டம்வரை போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஹீட்டர் இல்லை, வெளியே கடுங்குளிர், ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம். நாங்கள் நான்கு பேர், நண்பனின் மனைவியோடு ஐந்து. கையளவு ஹப்ளி ஒன்று, அதற்கு உடனே பற்றும் கரி. விற்ற கடைக்காரர் "இது மணக்காது, வீட்டுக்குள்ளேயே வைக்கலாம்" என்று சொல்லியிருந்தார். மணக்கவில்லைதான்.

ஒரு மணி நேரத்தில் எனக்கு நெற்றிப்பொட்டில் விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. வெறும் வயிறு என்று நினைத்தேன். புகைக்கவே இல்லாத நண்பனின் மனைவி தண்ணீர் எடுக்க எழுந்தவர், இரண்டு எட்டு வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். "கண்ணு இருட்டுது அண்ணா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னலைத் திறந்து, கரியைப் பால்கனிக்குத் தள்ளி, அவரைக் கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், விடிய விடிய. பிழைத்தார், நன்றாக இருக்கிறார். நான் வேலை செய்யும் இடத்தில் வாயு உருளைகளுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறோம். அதைத் தினமும் கடந்து போகிற எனக்கு அன்று தோன்றவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான்: எரியும் கரி கார்பன் மோனாக்சைடை விடுகிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெளிக்காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும், தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் இறங்கும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், அங்கே காற்றிலேயே ஆக்சிஜன் குறைவு. குளிர்காலத்தில் இம்பவுலா என்கிற தகரக் கணப்பை வீட்டுக்குள் வைத்துத் தூங்கி உயிரிழந்தவர்கள் செய்தி வருஷா வருஷம் வருகிறதே, அதே வாயுதான்.

ஆகவே வீட்டுக்குள் கரி வேண்டாம். தேங்காய் ஓட்டுக் கரி, இயற்கைக் கரி என்று விற்பதும் கரிதான். கைக்குழாயில் கரி இல்லாமல் தீக்கொளுத்தியால் பற்றவைப்பது அதைவிடத் தேவலை. அப்படியும் திறந்த இடத்தில் மட்டும். கூட இருக்கும் யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் மூன்றில் ஒன்று வந்தாலும் எல்லோரும் வெளியே வாருங்கள். தெளியவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

நண்பர்களோடு ஒரே குழாயை மாற்றி மாற்றிப் பிடிக்கலாமா?

கூடாது. வாய்ப்புண், சளி, காய்ச்சல் எல்லாம் அந்தக் கழுத்து வழியாகக் கைமாறும். காசநோய் அதிகம் உள்ள நாடுகளில் தென்னாப்பிரிக்கா ஒன்று. அது காற்றில் பரவுவது. மூடிய அறையில் தோளோடு தோள் உட்கார்ந்து இருமிக்கொண்டே புகைப்பது அதற்கு நல்ல வசதி. ஆளுக்கொரு குழாய், திறந்த முற்றம். வாய்ப்பகுதிக்குத் தனி நுனி மாட்டிக்கொள்வது பாதி வேலைதான், தண்ணீரும் குடமும் பொதுவாகத்தானே இருக்கின்றன.

எப்படிச் சுத்தம் செய்வது?

ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொட்டுங்கள். இரவு முழுக்க நின்ற தண்ணீரின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் வழவழவென்று இருக்கும், அது கிருமிகள் கட்டிய படலம். மறுநாள் அதே தண்ணீரில் இழுத்தால் அது துளித்துளியாக நெஞ்சுக்குள் போகும்.

வாரம் ஒருமுறை பெரிய கழுவல். கிண்ணத்தையும் தண்டையும் கழற்றி வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கால் குடம் ஊற்றி, பிராய்க்கு, அதாவது கரியில் இறைச்சி சுடுவதற்கு என்று வாங்கி வைத்திருக்கும் கல்லுப்பில் இரண்டு கரண்டி போடுங்கள். உப்பு ஆல்கஹாலில் அதிகம் கரையாது, அதனால் மணல் மாதிரி உள்சுவரைச் சுரண்டும். இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டு குலுக்குங்கள். தேநீர் நிறத்தில் கறை கலங்கி வரும். கொட்டிவிட்டு வெந்நீரில் மூன்று முறை அலசி, தலைகீழாக ஒரு நாள் காயவிடுங்கள். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். ஈரம் இருக்கும்போது தீக்கொளுத்தியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அடுப்புப் பற்றியிருக்கும் சமையலறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஆல்கஹால் இல்லையென்றால் வினிகரும் உப்பும் வெந்நீரும் போதும், கொஞ்சம் நேரம் பிடிக்கும். கொதிக்கிற நீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்ற வேண்டாம்.

டாகாவுக்கு, அதாவது கஞ்சாவுக்குப் பயன்படுத்தினால் சட்டம் என்ன சொல்கிறது?

கேட்காமல் விடமாட்டார்கள் என்று தெரியும். அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 செப்டம்பர் 18 அன்று, வயதுவந்தவர் தனிப்பட்ட இடத்தில் தன் சொந்தப் பயன்பாட்டுக்குக் கஞ்சா வைத்திருப்பதும் வளர்ப்பதும் குற்றம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தில் குடியரசுத் தலைவர் 2024 மே 28இல் கையெழுத்திட்டார். விற்பது, வாங்குவது, சிறுவர்களுக்குக் கொடுப்பது எல்லாம் குற்றம்தான். புகைத்துவிட்டு வண்டி ஓட்டுவதும் குற்றம். விசாவில் இருக்கும் தம்பிகள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஒரு வழக்கு விழுந்தால் வேலையும் போகும், ஊரும் போக வேண்டிவரும்.

இந்தச் சட்டத்தின் பின்னால் நம்மவர்கள் கதை ஒன்று இருக்கிறது, இங்கே பிறந்த பலருக்கே தெரியவில்லை. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் நம் ஆட்களை இறக்கியது. பத்தே வருஷத்தில், 1870இல், நேட்டால் அரசு போட்ட 2ஆம் எண் சட்டத்தில் கஞ்சாவைப் புகைப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் தடை. யாருக்கு? "கூலிகளுக்கு" என்று எழுதியிருந்தது. கரும்புத் தோட்டத்தில் சூரியன் விழும்வரை வெட்டிக் களைத்தவன் இரவில் என்ன செய்கிறான் என்பது முதலாளிக்குக் கவலை, மறுநாள் வேலை குறையுமே என்று. நாடு முழுக்க எல்லோருக்குமான தடை வந்தது 1920களில். டாகா நல்லது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மனநலக் கோளாறு உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அதன் பக்கமே போகக் கூடாது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் டோங்காட்டிலும் வெருலத்திலும் இருக்கும் தாத்தாக்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே குரலைத் தாழ்த்துகிறார்களே, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் கொண்டுபோகலாமா?

பயன்படுத்தியதை எங்கும் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் புகையிலை மட்டும்தான் போட்டீர்கள் என்பதைச் சுங்கத்தில் நின்று நிரூபிக்க முடியாது. சிங்கப்பூரில் போதைப்பொருள் புகைக்கும் கருவியை வைத்திருப்பதே குற்றம், ஷீஷா என்கிற ஹூக்காவையும் 2014இல் தடைசெய்துவிட்டார்கள். மாறும் விமானம் சிங்கப்பூர் வழியாக இருந்தால் நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டிலும் ஹூக்கா கூடங்களுக்குத் தடை இருக்கிறது.

வீட்டில் குழந்தை இருக்கிறது. மனைவி மாசமாக இருக்கிறாள்.

வீட்டுக்குள் வேண்டாம். பால்கனியிலும் கதவைச் சாத்திவிட்டு. கருவிலிருக்கும் பிள்ளைக்கு மோனாக்சைடு தாயைவிடக் கெடுதல் செய்யும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை வண்டியில் இருந்தால் உள்ளே புகைப்பது இங்கே சட்டப்படி தப்பு. பழுப்புத் தண்ணீரை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அதில் நிக்கோட்டின் இருக்கிறது, தவழும் பிள்ளை எதையும் வாயில் வைக்கும்.

சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு மாறலாம் என்று இருக்கிறேன்.

மாறினால் அடிமைத்தனம் மாறாது, பாத்திரம்தான் மாறும். பலருக்கு இரண்டும் சேர்ந்துகொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன். விடுவதென்றால் நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் எல்லாம் மருந்துக்கடையில் கிடைக்கின்றன, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கைகொடுத்தது தைப்பூசக் காவடி விரதம். மாலை போட்ட நாள்களில் தொடவே மாட்டேன். முதல் மூன்று நாள் கை நடுங்கும், எரிச்சல் வரும், வீட்டில் சண்டை போடுவேன். நாலாம் நாள் கோயிலில் சாம்பிராணி வாசம் அத்தனை தெளிவாக மூக்கில் ஏறியது. தினமும் இழுத்துக்கொண்டிருந்தவன் இப்போது மாதத்துக்கு ஒருமுறைக்கு வந்திருக்கிறேன், அடுத்த பூசத்தோடு அதையும் விட நினைத்திருக்கிறேன்.

கழுத்தில் மெல்லிய விரிசல். பசை போட்டு ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். பசை சூட்டில் இளகி ஆவியாகும், விரிசலோ ஒட்டினாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். வாய் வைக்கும் இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் உதடு கிழியும். பழைய செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று பெரிதாக எழுதிக் குப்பையில் போடுங்கள். குப்பை அள்ள வருகிறவர் வெறுங்கையால்தான் பையைத் தூக்குகிறார்.